கேட்டுவிட்டுக் கிள்ளுகிறவர்

முதல் நாள் நான் அவரைத் துரத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வாசலில் காயப் போட்டிருந்த மிளகைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் குடையோடு ஒரு பெண்மணி வந்து நின்று, "ஏனுங்க, உள்ள வரலாங்களா? உங்க ஊட்டுப் பின்னாடி இருக்கற செடியெல்லாம் பாக்கணும்" என்றார்.

"இப்ப முடியாதுங்க" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் 'ஒரே நிமிஷம்' என்று படலைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். கொல்லிமலைக்கு மேலே ஏறி வருகிறவர்களுக்கு எங்கள் வாசலெல்லாம் பொதுவழிதான். அருவிக்கு வழி கேட்கிறவர்கள் வருவார்கள், பலாப்பழம் விலை கேட்கிறவர்கள் வருவார்கள், எங்கள் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறவர்களும் வருவார்கள். இவர் "சரிங்க" என்றார். திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. கோழியை விரட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்க, முடியாதுன்னா அப்படியே போயிருவீங்களா?"

"நீங்கதானுங்களே முடியாதுன்னீங்க."

"அது சும்மா சொன்னதுங்க."

"சும்மா சொன்னதா நெசமா சொன்னதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு வாரேன்."

மறுநாள் வந்தார். மறுபடியும் படலுக்கு வெளியே நின்று, புதிதாகக் கேட்பதுபோல் முதலிலிருந்து கேட்டார். அன்று உள்ளே வந்தவர், பின்புறம் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு பூண்டைக் காட்டி, "இதுல ஒரு கொத்து கிள்ளிக்கலாங்களா?" என்று கேட்டார். நான் காலில் மிதித்துப் போகிற பூண்டு அது. சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன்.

அவருடைய பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். கீழே காளப்பநாயக்கன்பட்டியில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுக்கு வளைவு வாந்தி வருமோ என்று பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் வந்து இறங்குவார். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. தோளில் பழைய செய்தித்தாள் அடைத்த பை. கிள்ளிய கொத்தைத் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காய வைப்பதற்கு. செடிகளுக்காகவே பிறந்த அவருக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். மழைக்காலத்தில் காலில் ஓர் அட்டை ஏறிவிட்டால் மலையே அதிர்கிற மாதிரி கத்துவார். உப்பு மூட்டையோடு யாராவது ஓட வேண்டும். கத்தி முடித்ததும் ஒன்றுமே நடக்காதது போல் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்வார்.

பாடம் என்ன என்று சொல்லவில்லையே. ஊர் ஜனங்களுக்கும் செடிகொடிகளுக்கும் உள்ள பழக்கவழக்கம்தான் பாடம். எதைத் தின்கிறோம், எதை மருந்துக்கு அரைக்கிறோம், எதைச் சாமிக்கு வைக்கிறோம், எது முன்பு நிறைய இருந்து இப்போது கண்ணிலேயே படுவதில்லை என்று நாங்களே தேடிப் பார்த்து, நாங்களே காப்பாற்றி, அதில் நாலு காசு பிழைப்பும் பார்க்கப் பழக்குவது. எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடந்தது. மகளிர் குழுவிலிருந்து நாங்கள், வனத்துறை வாட்சர் ஒருவர், தாவரவியல் படித்துவிட்டு நாமக்கல்லிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர். செடியின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர் முதல் வாரம் முழுக்கச் செடிப் பேச்சையே எடுக்கவில்லை. 'முடியாது' என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்.

ஒருவர் வீட்டுக்காரராக உட்கார வேண்டும். இன்னொருவர் போய்க் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் முடியாது என்பார். கேட்டவர் முகத்தைச் சுளிக்காமல் 'சரிங்க' என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் ரொம்ப லேசாக இருக்கிறதல்லவா? எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. நான் 'சரிங்க' என்று சொல்லிவிட்டு உதட்டைச் சுழித்தேன். இளைஞர்களில் ஒருவர், "சரிங்க, ஆனா ஏன்னு மட்டும் சொல்லுங்களேன்" என்றார்.

"ஏன்னு கேட்டா அது கேக்கறது இல்ல கண்ணு, நச்சரிக்கறது" என்றார் டீச்சர்.

வாட்சர் பாடுதான் பரிதாபம். "ஏனுங் டீச்சர், யூனிபாரம் போட்டுக்கிட்டு எப்படிங்க சரின்னு சொல்லிட்டு வாரது? ஊர்ல எவன் மதிப்பான்?" என்று புலம்பினார்.

"அப்ப யூனிபாரத்தக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டு வாங்க."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் மறுநாள் அந்த மனிதர் சாதாரணச் சட்டையில்தான் வந்தார்.

இப்போது என் நங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா; கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்போம். நாற்பதைத் தாண்டியவர், வாய் கத்தி மாதிரி. ஊரில் கைக்குழந்தைக்கு மாந்தம் என்றால், அதாவது வயிறு உப்பிக்கொண்டு பால் குடிக்காமல் வீறிட்டு அழுதால், அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். காட்டுக்குள் தனியாகப் போய் எதையோ பறித்து வந்து, கல்லில் உரசி, குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார். என்ன செடி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மருந்தின் பெயரை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் மலையில் வைத்தியம் தெரிந்தவர்கள் எல்லோரும் வைத்திருக்கிற முறை. தனக்குப் பின்னால் மருந்து கொடுக்கப்போகிற ஒரே ஓர் ஆளிடம் மட்டும் சொல்லலாம். நங்கைக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த ஆள் யார் என்பதும் முடிவாகாமல் இருந்தது.

டீச்சர் அவரிடமும் போய் நின்றார். "மாந்தத்துக்கு என்ன செடி குடுக்கறீங்கன்னு கேக்கலாங்களா?"

"கேக்கலாம். சொல்ல மாட்டேன். பேரச் சொன்னா பலிக்காது."

"சரிங்க."

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: காய்ச்சலோ மூச்சு வாங்கலோ இருந்தால் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்படி. "அது எனக்குத் தெரியாதாக்கும். அனுப்பிட்டுத்தான் இருக்கறேன்" என்று நங்கை வெடுக்கென்று சொன்னார். அதற்குப் பிறகு டீச்சர் அந்த வீட்டில் டீ குடித்தார், சாமைச் சோறு சாப்பிட்டார், பங்காளிச் சண்டைகளையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டார். மருந்துப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. கடைசியில் நங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன இந்தப் பொம்பள, அதுக்கப்புறம் ஒரு வார்த்த கேக்கவே மாட்டீங்குது? நம்ம மருந்து மேல நம்பிக்க இல்லையாக்கும்" என்று என்னிடம் வந்து குறைப்பட்டார்.

இப்படிப்பட்ட டீச்சர் ஒரு தடவை கேட்காமல் விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்சியின் முதல் பகுதி முடிந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கற்றுக்கொண்டதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஓடையை ஒட்டி ஊருக்குப் பொதுவான காடு இருக்கிறது. அங்கே இருக்கிற மருந்துச் செடிகளுக்கெல்லாம் தகரத்தில் பெயர் எழுதி, எதற்கு ஆகும் என்பதையும் எழுதி, பக்கத்திலேயே குச்சி நட்டுத் தொங்கவிட்டோம். டீச்சர் முறைப்படி ஊர்க்கவுண்டரைக் கேட்டார். வனத்துறையைக் கேட்டார். ஓடைக்கரைக் கோயில் பூசாரியைக்கூடக் கேட்டார். எல்லோரும் தாராளமாக என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து உரக்கப் படித்தபோது எங்கள் எழுத்தா இது என்று எங்களுக்கே பெருமை தாங்கவில்லை.

மழை விட்ட ஒரு வாரத்தில், கீழேயிருந்து வேர் தோண்டுகிற கூட்டம் ஒன்று வேனில் வந்து போயிருக்கிறது. ஊரே சந்தைக்குப் போயிருந்த நாள். தோண்டியவர்கள் ஒன்றும் தேடி அலையவில்லை. நாங்கள்தான் எழுதி வைத்திருந்தோமே. எங்கெல்லாம் தகரம் தொங்கியதோ அங்கெல்லாம் குழி. காட்டிலேயே ஒன்றிரண்டு தூர் மட்டும் மிஞ்சியிருந்த கிழங்குவகை ஒன்றும் போய்விட்டது. அதற்குத்தான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். ஒரு தகரத்தைப் பக்கத்துப் புதரில் பத்திரமாக மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

டீச்சர் வந்து பார்த்தார். குழிக்குக் குழி நடந்தார். அன்று அவர் காலில் அட்டை ஏறியதை நான் பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"திருட்டுப் பசங்க டீச்சர், போலீஸ்ல சொல்லுவோம்" என்றார் இளைஞர்களில் ஒருவர்.

"சொல்லுவோம் கண்ணு. ஆனா வழி சொன்னது நாம" என்றார் அவர். மிச்சமிருந்த தகரங்களைத் தன் கையாலேயே கழற்றினார்.

அன்று சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம். டீச்சர் எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல், தப்பு தன்னுடையது என்றார். "எல்லாரையும் கேட்டேனுங்க. மருந்து குடுக்கறவங்கள மட்டும் கேக்கல. செடி பேரச் சொன்னா பலிக்காதுன்னு அவங்க என்கிட்ட முகத்துக்கு நேராச் சொன்னாங்க. சரின்னு தலையாட்டிட்டு, மத்த செடிக்கெல்லாம் நானே தகரம் அடிச்சுத் தொங்கவிட்டுட்டேன்" என்று சொல்லி, நங்கை இருந்த பக்கம் கைகூப்பினார். படித்தவர் ஒருவர் எங்கள் ஊர்க்கூட்டத்தில் நின்று அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

நங்கையின் செடி தப்பித்திருந்தது என்று அவரே சொன்னார். அதற்குத்தான் பெயரும் இல்லை, தகரமும் இல்லையே. ஆனால் தோண்டுகிறவர்களுக்கு இடம் தெரிந்துபோயிற்று. அடுத்த தடவை கண்ணில் பட்டதையெல்லாம் கொத்துவார்கள். அதில் அதுவும் போகும். அது போய்விட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு மருந்து இல்லை. ஆகவே கூட்டம் நங்கையின் பக்கம் திரும்பியது.

"என்ன செடின்னு சொல்லு ஆத்தா. வேலி கட்டிக் காப்பாத்திப் போடலாம்."

"சொன்னா பலிக்காது."

"சொல்லலீன்னா செடியே இருக்காதே!"

"இல்லாட்டிப் போவுது. நான் சொல்ல மாட்டேன்." நங்கையின் குரல் உடைந்தது. அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். கூட்டம் விடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரரே, "பிள்ளைங்க உசுரு அக்கா" என்று ஆரம்பித்துவிட்டார்.

"நச்சரிக்காதீங்க!" என்று ஒரு சத்தம். டீச்சர்தான். அட்டைக்குக் கத்துகிற அதே கத்தல். கூடம் கப்சிப் என்று ஆகிவிட்டது. பிறகு அவர் நங்கையின் எதிரில் தரையில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: "பேரு வேண்டாமுங்க. செடியக் காட்டவும் வேண்டாம். அது எங்கெங்க இருக்குதோ எல்லாம் உள்ள வர்ற மாதிரி, வெளிய ஒரு சுத்து நடந்து காட்ட முடியுங்களா? எவ்வளவு பெரிய சுத்தா வேணாலும் இருக்கட்டும். உள்ள இருக்கற எல்லாத்தையும் ஊரு காப்பாத்தட்டும். எதுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாம். முடியாதுன்னாலும் சரிங்க."

நங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை நங்கை முன்னால் நடக்க, ஊரே பின்னால் போனது. பழைய சேலையைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போனோம். அந்த மகராசி என்ன சுற்றுச் சுற்றினார்! ஓடை மேட்டில் ஆரம்பித்து, பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கி, பலா மரங்களைத் தாண்டி, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஒன்றுமே இல்லாத வெறும் கரட்டையும் சேர்த்து வளைத்தார். நடுவில் பங்காளி ஒருவரின் மரவள்ளிக் காட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டார்.

"அங்க என்ன மருந்து இருக்குது? அது என்ற கெழங்குக் காடு!" என்று அவர் அலறினார்.

"இருக்கும், இல்லாமயும் இருக்கும்" என்று நங்கை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர்கள் இருவருக்கும் பல வருஷத் தகராறு. டீச்சர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தது எனக்கு மட்டும் தெரியும். கிழங்குக் காட்டை அப்புறம் பேசி வெளியே விட்டார்கள்.

சேலைக் கிழிசலுக்கு உள்ளே கடப்பாரையோடும் சாக்கோடும் யாரும் போகக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. எங்கள் மகளிர் குழு முறை வைத்துக் காவல் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த திப்பிலி, துளசி, ஆடாதோடை மாதிரியான செடிகளைச் சுற்றுக்கு வெளியே நாற்று விட்டு, சோளக்காட்டில் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் விற்க ஆரம்பித்தோம். அதற்கும் டீச்சர்தான் பழக்கினார். அந்த வருமானம் இன்றும் குழுவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

தோண்டுகிறவர்கள் மறுபடி வராமல் இல்லை. வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்த ஆள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து, "இவ்வளவு பேரு காவல் நிக்கறீங்களே, அப்படி என்ன செடி இருக்குது உள்ள?" என்றான்.

"தெரியாதுங்க" என்றோம்.

"என்ன செடின்னு தெரியாமயா காவல் இருக்கறீங்க?"

"ஆமாங்க."

நாங்கள் சொன்னது சத்தியம். அவன்தான் நம்பவில்லை. பைத்தியங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு போய் வண்டியை எடுத்தான்.

பயிற்சித் திட்டம் முடிந்து டீச்சர் ஊருக்குக் கிளம்பிய நாள், சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் நின்றிருந்தோம். அன்னாசி, வாழை, மிளகு என்று ஆளாளுக்குத் திணித்ததில் அவர் பை கிழிகிற நிலைமையில் இருந்தது. நங்கை வேகமாக நடந்து வந்தார். டீச்சரின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். நான் விடுவேனா? பழக்கூடையை எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"எனக்குன்னு யாரும் இல்ல. ஒரு ஆளுகிட்டச் சொல்லலாம். உங்ககிட்டச் சொல்றேன். காதக் குடுங்க" என்றார் நங்கை.

டீச்சர் வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட ஒரு வார்த்தைக்காகத்தான் மலை மலையாக ஏறியிருப்பார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்புறம் அது மெல்ல வாடியதையும் பார்த்தேன்.

"வேண்டாமுங்க."

நங்கைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "என்ன, நான் சொன்னா வாங்கிக்க மாட்டீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சா நான் எழுதிப் போடுவேனுங்க. என்ற கை அப்படி. அதுவுமில்லாம நான் கீழ இருக்கறேன். பிள்ள அழுதா ஓடி வர்ற தூரத்துல இருக்கறவங்களாப் பாத்துச் சொல்லுங்க." சொல்லும்போதே டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நங்கை பிடித்திருந்த கையை உதறிவிட்டு விறுவிறு என்று ஊர்ப் பக்கம் நடந்தார். பஸ் கிளம்புகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் ஜன்னல் வழியாக அந்த வழியையே பார்த்துக்கொண்டு போனார். அன்று இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம், இரண்டு பேருக்காகவும் வருத்தம்.

டீச்சர் போன பிறகு வந்த ஒரு மழைக்காலம். நங்கை கண் ஆபரேஷனுக்காகச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நேரம் பார்த்து என் ஓரகத்தியின் பேத்திக்கு மாந்தம் கண்டது. டாக்டர் பார்த்துப் பயமில்லை என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் குழந்தை வயிறு உப்பிப் பாலை ஒதுக்கி வீறிட்டு அழுதுகொண்டே இருந்தது. நங்கை இல்லையே என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அப்போது ஓர் ஆள் நனைந்துகொண்டே உள்ளே வந்து, உரசுகல்லைக் கேட்டு வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் உரசிக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்தார். எங்களில் யாருமே நினைத்துப் பார்த்திராத ஆள். யார் என்று இங்கே எழுத மாட்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

டீச்சருக்குப் போன் போட்டேன். நங்கை இங்கேயே ஓர் ஆளிடம் சொல்லி வைத்துவிட்டார் என்று மூச்சு விடாமல் கத்தினேன். யார் என்று அவர் கேட்கவில்லை. என்ன செடி என்றும் கேட்கவில்லை.

"பிள்ள பால் குடிச்சுதுங்களா?" என்றார்.

"குடிச்சுதுங்க டீச்சர். குடிச்சுட்டுத் தூங்குது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது. நானும் போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டே நின்றேன்.